குடும்பத்தோடு யாழ்ப்பாணம் திரும்புகிறவர்களுக்கு: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

ஊருக்குத் திரும்ப நினைக்கிறவர்கள் பெரும்பாலும் வீட்டில்தான் தொடங்குகிறார்கள். அப்பாவின் வளவில் மேல்மாடி வைத்து ஒரு வீடு, முன்னுக்கு மதில், பின்னுக்கு மோட்டார் பூட்டிய கிணறு. வீடு குடிபுகுந்தபின் சாமான் கட்டுகிறார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைக் கடைசி மாதத்தில் விசாரிக்கிறார்கள். பிரஜாவுரிமைக் கடதாசிகளை வந்திறங்கிய பின்தான் தேடுகிறார்கள். இந்த ஒழுங்கில் போனால் கட்டின வீடு பூட்டிக் கிடக்க, குடும்பம் இரண்டாம் வருடமே திரும்ப விமானம் ஏறும்.

சரியான ஒழுங்கு இது: முதலில் வதிவுரிமையும் பிரஜாவுரிமையும், அடுத்து பிள்ளைகளின் தமிழும் படிப்பும், பிறகு காணி உறுதி, அதன்பின் தண்ணீர், பணம், எல்லாவற்றுக்கும் கடைசியில் வீடும் சாமானும். இதற்குக் குறைந்தது 18 மாதம் வேண்டும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை இருந்தால் இரண்டு வருடம் வையுங்கள்.

ஓகஸ்ட்டில் வந்து முடிவெடுக்க வேண்டாம்

நல்லூர்த் திருவிழா 25 நாள். பள்ளி விடுமுறைக்கு வரும் வெளிநாட்டுக் குடும்பங்கள் பலதும் அந்த நாட்களில்தான் ஊரில் நிற்கும். சொந்தக்காரர் எல்லாரும் வீட்டில், ஐஸ்கிரீம் கடை நிறையச் சனம், பிள்ளைகளுக்கு ஒவ்வொரு நாளும் பயணம். அது ஊர்தான், ஆனால் ஊரின் ஒரு மாதம் மட்டும்.

பரீட்சார்த்தமாக ஆறு கிழமையாவது தங்குங்கள். ஒன்று, மழையும் நுளம்பும் உள்ள நவம்பர். அல்லது வெயில் மண்டையைப் பிளக்கும் ஏப்ரல், மே. உறவினர் வீட்டில் தங்காமல் ஒரு சிறிய வீட்டை வாடகைக்கு எடுங்கள். மாமி சமைத்துத் தரும் வீட்டில் இருந்தால் எரிவாயு சிலிண்டர் முடிந்த இரவும், மின்சாரம் நின்ற மத்தியானமும், தண்ணீர்த் தாங்கி வெறுமையான காலையும் உங்கள் கண்ணில் படாது. அந்த ஆறு கிழமைக்குள் பிரதேச செயலகத்தில் ஒரு அலுவல், வைத்தியசாலை வெளிநோயாளர் பிரிவில் ஒரு வரிசை, பிள்ளைகளோடு ஒரு பஸ் பயணம், இணையத்தில் வேலை செய்பவர் என்றால் முழு வேலைநாட்கள் பத்து என்று எல்லாவற்றையும் செய்து பாருங்கள்.

கணவன் மனைவி இருவரும் சம்மதமா என்பதைத் தனித்தனியாகக் கேட்டு அறிய வேண்டும். பெரும்பாலும் ஒருவருக்குத் திரும்புவது கனவாகவும் மற்றவருக்கு அது ஒரு கடமையாகவும் இருக்கிறது. அங்கே தனக்கென்று வேலையும் வங்கிக் கணக்கும் கார்ச் சாவியும் வைத்திருந்த பெண், இங்கே வந்து ஓட்டோவுக்கும் மாமியாரின் அனுமதிக்கும் காத்திருக்க வேண்டி வந்தால் அந்தத் திரும்புதல் நிலைக்காது. அவர் என்ன வேலை செய்வார், எந்த வாகனத்தில் போவார், யாரோடு குடியிருப்பார் என்ற மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகு அடுத்த படிக்குப் போங்கள்.

அங்குள்ள வதிவுரிமை என்ன ஆகும்

வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்தவர்களுக்கு இதில் கவலை குறைவு. நிரந்தர வதிவுரிமை மட்டும் உள்ளவர்கள் நாளை எண்ண வேண்டும். கனடாவில் ஐந்து வருடத்துக்குள் 730 நாள் உள்ளே இருந்திருக்க வேண்டும். பிரித்தானியாவின் காலவரையற்ற வதிவுரிமை, தொடர்ச்சியாக இரண்டு வருடத்துக்கு மேல் வெளியே இருந்தால் இல்லாமற் போகும். சுவிட்சர்லாந்தின் சி அனுமதி ஆறு மாதத்தில் காலாவதியாகும். அந்த ஆறு மாதம் முடிய முன்னர் விண்ணப்பித்தால் நான்கு வருடம் வரை அதைத் தக்கவைக்கலாம், அது கடந்த பிறகு விண்ணப்பிக்க முடியாது. நோர்வேயில் எல்லை இரண்டு வருடம்.

ஆகவே குடியுரிமைக்குத் தகுதி கிட்ட வந்துவிட்டதென்றால் அதை எடுத்துவிட்டு வெளிக்கிடுங்கள். கனடாவில் விண்ணப்பிக்க ஐந்து வருடத்தில் 1,095 நாள் இருந்தால் போதும். ஆறு மாதம் பொறுக்காமல் வந்து, பிறகு பிள்ளையின் பல்கலைக்கழகத்துக்காகத் திரும்பிப் போக விசா தேடுவது மிகப் பெரிய நட்டம்.

அகதி அந்தஸ்தில் இருப்பவர்கள் இன்னும் கவனம். 1951ஆம் ஆண்டு அகதிகள் சமவாயத்தின்படி, விட்டு வந்த நாட்டின் பாதுகாப்பைத் தானாக மீண்டும் நாடினாலோ, அங்கே மீளக் குடியமர்ந்தாலோ அந்த அந்தஸ்து முடிவுக்கு வரலாம். இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பிப்பதே கேள்விக்கு இடம் வைக்கும். ஒரு குடிவரவுச் சட்டத்தரணியைக் கேட்காமல் பயணச்சீட்டுப் போட வேண்டாம்.

இலங்கையில் நீங்கள் யார்

வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்த அன்றே இலங்கைப் பிரஜாவுரிமை போய்விட்டது. பழைய அடையாள அட்டை அலுமாரிக்குள் இருப்பதால் அது மாறாது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு இரண்டு வழி வைத்திருக்கிறது. இழந்ததை மீளப் பெறலாம். இன்னும் எடுக்கவில்லை, எடுக்கப் போகிறேன் என்பவர் இலங்கை உரிமையைத் தக்கவைத்துக்கொள்ள முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம்.

விண்ணப்பிக்க ஒரு தகுதி காட்ட வேண்டும். 55 வயதுக்கு மேற்பட்டவர், கல்வி அல்லது தொழிற் தகைமை உள்ளவர், இலங்கையில் 25 இலட்சம் ரூபாவுக்குக் குறையாத சொத்து உள்ளவர், குறித்த அளவு வைப்புப் பணத்தை மூன்று வருடத்துக்கு வைப்பவர் என்று பல வகை உண்டு. ஊர்க் காணி உங்கள் பேரிலேயே இருந்தால் சொத்து வகை இலகு. அப்பா பேரில் இருந்தால் அது உங்கள் சொத்து அல்ல. பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், வெளிநாட்டுக் குடியுரிமைச் சான்று, வசிக்கும் நாட்டுப் பொலிஸ் நற்சான்று ஆகியவற்றோடு இலங்கைத் தூதரகத்தின் ஊடாகவோ பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திலோ கொடுக்கலாம். மாதக் கணக்கில் இழுபடும். எல்லா அலுவலுக்கும் இதுதான் சாவி என்பதால் முதலில் போடுங்கள்.

பிள்ளைகள் விடயத்தில் ஒரே கேள்வி: பிள்ளை பிறந்த அன்று தாயோ தந்தையோ இலங்கைப் பிரஜையாக இருந்தாரா? ஆம் என்றால் வம்சாவழிப் பிரஜையாகப் பதியலாம், பிந்தினால் தண்டப்பணம். இல்லை என்றால் பெற்றாரின் இரட்டைப் பிரஜாவுரிமையோடு சேர்த்துத்தான் போக வேண்டும். அதற்கு 22 வயதுக்குட்பட்டு, திருமணமாகாமல் இருக்க வேண்டும். 21 வயதுப் பிள்ளை இருந்தால் இன்றைக்கே தொடங்குங்கள்.

எல்லாரையும் அலைக்கழிப்பது பெயர். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் 'ரவீந்திரன்' மட்டும் இருக்கும், தகப்பன் பெயர் கந்தசாமி வேறு கூட்டில் இருக்கும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் கந்தசாமி முதற்பெயராகி, ரவீந்திரன் குடும்பப் பெயராகிவிடும். உறுதியில் 'க. இரவீந்திரன்' என்று இகரம் முன்னுக்கு நிற்கும். விவாகப் பதிவில் ஆங்கில எழுத்து ஒன்று கூடும். நான்கும் ஒருவர்தான் என்று அலுவலகத்துக்கு நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். எல்லாப் பத்திரங்களையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு அந்த வடிவங்கள் அனைத்தையும் குறிப்பிட்டு, சமாதான நீதவான் முன்னிலையில் ஒரே சத்தியக்கடதாசி முடித்து, பல பிரதிகள் வையுங்கள். பிறப்புப் பதிவிலேயே பிழை என்றால் பிரதேச செயலகத்தில் திருத்தம் செய்வதுதான் நிரந்தர வழி.

வெளிநாட்டில் பெற்ற பிறப்பு, விவாக, விவாகரத்துப் பத்திரங்களை அந்த நாட்டு வெளிவிவகார அமைச்சிலும் அங்குள்ள இலங்கைத் தூதரகத்திலும் உறுதிப்படுத்திக்கொண்டு வாருங்கள். இங்கே வந்த பின் திருப்பி அனுப்பிச் செய்வது பெரிய தலையிடி. யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில் கொன்சியூலர் அலுவலகமும், 2025 செப்டம்பரில் இருந்து கடவுச்சீட்டு அலுவலகமும் இயங்குவதால் கொழும்புப் பயணம் சில குறையும்.

பிள்ளைகளின் படிப்பு

வீட்டில் தமிழ் கதைக்கும் பிள்ளை தமிழில் படிக்கும் என்று எண்ண வேண்டாம். சோதித்துப் பாருங்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களை இணையத்தில் இலவசமாக இறக்கலாம். பிள்ளையின் வயதுக்குரிய தரத்தின் விஞ்ஞானப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அதில் இருந்து ஐந்து வரி சொல்வதெழுத. ஒரு பக்கம் வாசிக்க ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுத்தால், அல்லது ர/ற, ல/ள/ழ, ண/ன குழம்பினால், ஒரு வருட வேலை இருக்கிறது. பின்னம், தசமம், சுற்றளவு, கேத்திரகணிதம், ஒளித்தொகுப்பு போன்ற சொற்கள் வீட்டுப் பேச்சில் வருவதில்லை. இந்திய யூரியூப் பாடங்களில் படித்த பிள்ளை ஆக்சிஜன் என்று எழுதும், இங்கே புத்தகத்தில் அது ஒட்சிசன். அதனால் இலங்கைப் புத்தகத்தில் இருந்தே படிப்பியுங்கள். இரண்டு தரம் கீழே தொடங்கி, ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம். ஞாயிறு மட்டும் மூன்று மணித்தியாலம் இருத்துவதால் பயனில்லை.

வயதைப் பார்த்து வழியைத் தெரிய வேண்டும். எட்டு வயதுக்குக் கீழ் என்றால் தமிழ்மொழி மூலம் தயங்காமல் விடுங்கள், ஒரு வருடத்தில் ஊன்றிவிடும். எட்டில் இருந்து பன்னிரண்டு வரை மேலே சொன்ன ஆயத்தத்தோடு முடியும். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை ஆண்டுக்குள் கொண்டுவந்து விடாதீர்கள், அந்த வருடம் வகுப்பே வேறு மாதிரி இருக்கும். ஆறாம் தரத்தில் சேர்ப்பது நல்லது. சில பாடசாலைகளில் அங்கிருந்து இருமொழி வகுப்பு உண்டு, கணிதம் விஞ்ஞானம் போன்றவற்றை ஆங்கிலத்தில் படிக்கலாம்.

பதின்மூன்று முதல் பதினைந்து வரைதான் மிகக் கடினம். க.பொ.த. சாதாரண தரத்தில் ஒன்பது பாடம். அவற்றில் தாய்மொழி, சமயம், வரலாறு கட்டாயம். இரண்டு வருடத்தில் தமிழில் வரலாறு எழுதும் அளவுக்கு வருவது எல்லாப் பிள்ளைக்கும் இயலாது. அதற்காகப் பிள்ளையைத் திட்டுவது அநியாயம். இந்த வயதினருக்கு ஆங்கிலத்தில் வெளிநாட்டுப் பாடத்திட்டம் நடத்தும் தனியார் பாடசாலை ஒரு வழி. ஆனால் அந்தச் சான்றிதழோடு உள்ளூர் அரச பல்கலைக்கழகத்துக்குப் போகும் வாசல் மிக ஒடுக்கம். பிரதான அனுமதி உள்ளூர் உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியையும் (பாடங்களை ஒப்பிடத் தரப்படுத்திய புள்ளி) மாவட்ட ஒதுக்கீட்டையும் கொண்டது. இதை முதலே தெரிந்துகொண்டு தெரிவு செய்யுங்கள். பதினாறைத் தாண்டிய பிள்ளைக்கு அங்கே பரீட்சையை முடிக்கவிட்டு வருவதே மேல்.

யாழ் இந்து, வேம்படி, ஹாட்லி போன்ற பெயர் பெற்ற பாடசாலைகளில் இடம் கிடைப்பது கடினம். முதலாம் தரத்துக்கு ஜனவரி 31இல் ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். வதிவிடத்தைக் காட்ட வாக்காளர் இடாப்பு கேட்பார்கள். வெளிநாட்டில் இருந்து வரும் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு இருந்தாலும் இடங்கள் சில. வீட்டுக்குக் கிட்டிய, அதிபர் அக்கறையாக உள்ள பாடசாலை எது என்று விசாரியுங்கள். நேரில் போய், வகுப்பில் எத்தனை பிள்ளைகள், பின்தங்கியவருக்கு யார் உதவுவார், அடிக்கும் பழக்கம் உண்டா என்று கேளுங்கள். பிள்ளைக்கும் சொல்லி வையுங்கள்: ஆசிரியர் வந்தால் எழும்ப வேண்டும், சேர், ரீச்சர் என்று கூப்பிட வேண்டும், பெரியவர்களை 'நீங்கள்' என்று கதைக்க வேண்டும். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளை வாய்தவறி 'நீ' என்று சொன்னதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளும் ஆட்கள் இருக்கிறார்கள். பாடசாலை முடிந்தபின் ரியூசன் என்ற இன்னொரு பாடசாலை உண்டு. முதல் ஆறு மாதம் தமிழுக்கு மட்டும் ஒரு ஆசிரியரை வைத்து, மிச்ச நேரத்தை விளையாட விடுங்கள்.

காணியும் உறுதியும்

காணி இருக்கிறது என்று ஆட்கள் சொல்வதும் உறுதியில் இருப்பதும் ஒன்றல்ல. யாழ்ப்பாண உறுதியில் காணிக்கு ஒரு பெயர், பரப்பில் அதன் அளவு, நாலு திசைக்கும் எல்லைக்காரரின் பெயர், பிறகு 'கிணற்றில் பங்கு, வழி, வாய்க்கால்' என்று ஒரு வரி இருக்கும். ஒரு பரப்பு 10 பேர்ச், 16 பரப்பு ஓர் ஏக்கர். எல்லைக்காரர் பெரும்பாலும் செத்து இரண்டு தலைமுறை ஆகியிருக்கும். அந்தக் கடைசி வரியைத் திருப்பித் திருப்பி வாசியுங்கள். கிணற்றில் மூன்றில் ஒரு பங்குதான் உங்களுடையது என்றால், தனியே மோட்டார் பூட்டிய அன்றே சண்டை தொடங்கும். வழி ஆறு அடி என்றால் கொங்கிறீட் கலவை ஏற்றிய லொறி உள்ளே வராது.

செய்ய வேண்டியவை, இந்த ஒழுங்கில்:

1. மூல உறுதியைக் கண்டுபிடியுங்கள். தொலைந்திருந்தால், உறுதியை எழுதிய நொத்தாரிசு காணிப் பதிவகத்துக்கு அனுப்பிய இணைப்பிரதியில் இருந்து உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். உறுதி இலக்கமும் திகதியும் நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால் வேலை சுருக்கம்.

2. காணிப் பதிவகத்தில் 30 வருட இடாப்பைத் தேடுவியுங்கள். ஈடு, குத்தகை, வழக்கு, நீங்கள் அறியாத நன்கொடை எல்லாம் அங்கே தெரியும். விற்கிறவரின் சட்டத்தரணி அல்ல, உங்கள் சட்டத்தரணி தேட வேண்டும்.

3. அனுமதி பெற்ற நில அளவையாளரைக் கொண்டு, எல்லைக்காரரையும் கூப்பிட்டு அளவுங்கள். கதியால் வேலி வருடா வருடம் நகரும். மதில் கட்டிய பின் ஒரு முழம் பிழை என்று தெரிந்தால் மதிலும் போய் உறவும் போகும்.

4. தேசவழமை உங்களுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த இந்தச் சட்டம் இன்றும் காணியில் உயிரோடு இருக்கிறது. முதுசம் (பரம்பரையாக வந்தது), சீதனம், தேடியதேட்டம் (மணமான பின் தேடியது) மூன்றுக்கும் உரிமை வேறு வேறு. திருமணமான பெண் தன் பேரில் உள்ள காணியை விற்கவும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். பங்குக் காணியை வெளியாருக்கு விற்கும்போது, கூட்டுப் பங்காளருக்கும் உரித்தாளருக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு முறைப்படி அறிவிக்காமல் எழுதிய உறுதியை எதிர்த்து வழக்குப் போடலாம். மலிவாகக் கிடைத்த ஒரு பங்குக் காணியில் எப்போதும் இதைச் சந்தேகியுங்கள்.

5. எழுதிய உறுதியை உடனே பதிவு செய்யுங்கள். பதியாமல் வைத்த உறுதியை, அதே காணிக்குப் பின்னால் எழுதி முதலில் பதிந்த உறுதி தோற்கடிக்க முடியும்.

வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவருக்கு 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் காணி வாங்குவதைத் தடுக்கிறது. இரட்டைப் பிரஜைகளுக்கு விலக்கு உண்டு. நெருங்கிய உரித்தாளருக்கு மரணசாசனத்தாலோ நன்கொடையாலோ வழிவழியாகவோ வருவதற்கும் விலக்கு உண்டு. சகோதரத்தின் பேரில் வாங்கி வைத்துப் பிறகு மாற்றலாம் என்ற யோசனையை விடுங்கள். அன்பான சகோதரம் நாளைக்கு இல்லாவிட்டால், அவரின் பிள்ளைகளும் மருமக்களும் தான் உங்களோடு கதைக்க வருவார்கள்.

உங்களுக்காக இன்னொருவர் கையெழுத்திட அற்றோர்னித் தத்துவம் கொடுக்க வேண்டி வந்தால் பொதுத் தத்துவம் வேண்டாம், விசேட தத்துவம் கொடுங்கள்: இந்தக் காணி, இந்த ஒரு அலுவல், இந்தத் திகதி வரை. அலுவல் முடிந்ததும் இரத்துச் செய்து, பதிந்த இடத்துக்கும் அறிவியுங்கள்.

வீட்டில் ஆள் இருந்தால்? பத்து வருடம் எதிர்ப்பில்லாமல் தன்னுடையதுபோல் ஆண்டவர் ஆட்சியுரிமை கோர 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புச் சட்டம் இடம் வைக்கிறது. உங்கள் அனுமதியோடு இருக்கிறார் என்பதை எழுத்தில் வையுங்கள், சிறு வாடகையாவது வாங்கிப் பற்றுச்சீட்டுக் கொடுங்கள். ஆனால் ஆளை எழுப்புவதில் மனிதத்தன்மை வேண்டும். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வுக்குப் பின் அந்த வீட்டுக்கு வந்து, கூரையைப் போர்த்து, கிணற்றை இறைத்து, யன்னலைக் கழற்ற வந்தவர்களை விரட்டிக் காத்தவர் அவராகவே இருக்கலாம். ஒரு வருட அவகாசம் கொடுத்து, போகும் இடத்துக்கு ஒரு தொகை கொடுத்து அனுப்பினால், நீதிமன்றத்தில் கழியும் காலத்தையும் காசையும் விட அது குறைவு.

தண்ணீர்

குடாநாட்டின் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கிறது. கல்லில் வெடிப்பும் குகையும் இருப்பதால் மேலே ஊற்றியது வடிபடாமல் கீழே போகும். தோட்டத்து உரமும் மலக்குழிக் கசிவும் நைத்திரேற்றாகக் கிணற்றுக்குள் வருவது அப்படித்தான். கண்ணாடி மாதிரித் தெளிந்து, வாய்க்கு ருசியாக இருக்கும் தண்ணீரிலும் அது இருக்கும்.

வாங்க முன், கட்ட முன், இரண்டு முறை சோதியுங்கள்: செப்டம்பரில் வறண்டிருக்கும்போது ஒன்று, ஜனவரியில் மழைக்குப் பின் ஒன்று. மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, ஒரு லீற்றர் சுத்தமான போத்தலில் இரசாயனச் சோதனைக்கும், ஆய்வுகூடம் தரும் கிருமி நீக்கிய போத்தலில் கிருமிச் சோதனைக்கும் எடுத்து, ஐஸ் பெட்டியில் அன்றே கொடுங்கள். நைத்திரேற்று ஒரு லீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. அறிக்கையில் 'நைத்திரேற்று நைதரசன்' என்று இருந்தால் எல்லை சுமார் 11. இந்த இரண்டையும் மாறி வாசித்து, 30 தானே, பரவாயில்லை என்று இருந்துவிடுகிறார்கள். மலக் கிருமியான ஈ.கோலை 100 மில்லிலீற்றரில் பூச்சியமாக இருக்க வேண்டும். குளோரைட்டு 250ஐத் தாண்டினால் உப்பு ஏறுகிறது. சுன்னாகத்தைச் சுற்றிய காணி என்றால் எண்ணெய்க் கழிவுக்கும் சோதியுங்கள்.

நைத்திரேற்று உள்ள தண்ணீரைக் கொதிக்க வைத்தால் குறையாது, நீர் வற்றுவதால் கூடும். சாதாரண மெழுகுதிரி வடிகட்டியும் அதைப் பிடிக்காது. பால்மா கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைக்கு அது ஆபத்து, இரத்தம் ஒட்சிசனைக் காவும் தன்மை குறைந்து உடம்பு நீலம்பாரிக்கும். குடிக்கவும் சமைக்கவும் எதிர்ச் சவ்வூடு (ஆர்.ஓ.) வடிகட்டி, அல்லது குழாய்நீர், அல்லது மழைநீர். 1,000 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் சுமார் 2,360 லீற்றர். மாரி மழையைப் பிடிக்க ஒரு தாங்கி கட்டுவது இங்கே ஆடம்பரம் அல்ல.

மலக்குழியைக் கிணற்றில் இருந்து 50 அடிக்கு மேல் தள்ளி, அடியும் பக்கமும் பூசிய தொட்டியாகக் கட்டுங்கள். பக்கத்து வளவுக் குழி உங்கள் கிணற்றுக்கு எவ்வளவு தூரம் என்பதையும் அளவுங்கள். பெரிய மோட்டார் பூட்டி ஒரே மூச்சில் இறைக்க வேண்டாம். நன்னீர் உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. வேகமாக இழுத்தால் கீழிருந்து உப்பு ஏறும், ஏறினது இறங்க மாரிகள் பல வேண்டும்.

வருடக் கணக்கில் பாவிக்காத கிணற்றை இறைத்துச் சேறு அள்ளி, ஊறிய பின் குளோரீன் இடுங்கள். கணக்கு இலகு: 10 அடி விட்டமும் ஆறரை அடி தண்ணீரும் என்றால் 3.14 × 1.5 × 1.5 × 2, ஏறக்குறைய 14,000 லீற்றர். 1,000 லீற்றருக்கு இரண்டரைக் கிராம் வெளிற்றும் தூள், ஆக 35 கிராம். ஒரு வாளியில் கரைத்து, தெளிந்ததை மட்டும் ஊற்றி, வாளியால் அலைத்து, ஒரு மணித்தியாலம் பொறுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொன்னால் மிச்சக் குளோரீனை அளந்து சொல்வார்.

பணமும் பென்சனும்

கனடாவின் முதியோர் பாதுகாப்புக் கொடுப்பனவு வெளிநாட்டிலும் தொடர, 18 வயதுக்குப் பின் 20 வருடம் அங்கே வசித்திருக்க வேண்டும். வருமானம் குறைந்தோருக்கான மேலதிகக் கொடுப்பனவு ஆறு மாதத்துக்கு மேல் வெளியே வராது. பிரித்தானிய அரச ஓய்வூதியம் வரும், ஆனால் இலங்கையில் இருப்பவருக்கு வருடாந்த உயர்வு இல்லை. முதல் நாள் வந்த தொகைதான் கடைசி வரை. சுவிட்சர்லாந்தில் இலங்கைப் பிரஜையாகவே இருந்து நிரந்தரமாக வெளியேறுகிறவர் முதலாம் தூண் எனப்படும் அரச ஓய்வூதியத்துக்குக் கட்டிய பணத்தை மீளக் கேட்கலாம். சுவிஸ் குடியுரிமை எடுத்தவருக்கு அது இல்லை, வயது வர ஓய்வூதியமாக வரும்.

வரியில், வெளியேறும் திகதியை எழுத்தில் நிறுவுங்கள். வீட்டை வைத்துக்கொண்டு, பிள்ளையையும் அங்கே விட்டு வந்தால் நீங்கள் இன்னும் அங்கே வதிபவர் என்று சொல்ல இடமுண்டு. வரி வருடத்தில் தொடங்கும் அல்லது முடியும் ஏதாவது 12 மாதத்துக்குள் 183 நாளோ அதற்கு மேலோ இலங்கையில் இருந்தால் இங்கும் வதிபவர். கனடா, பிரித்தானியா, சுவிட்சர்லாந்து, ஜேர்மனி, அவுஸ்திரேலியா நாடுகளோடு இரட்டை வரி தவிர்ப்பு உடன்படிக்கை இருப்பதால், ஒரே வருமானத்துக்கு இரண்டு இடத்திலும் முழுவரி கட்டத் தேவையில்லை.

முதலீட்டுக்குக் கொண்டுவரும் பணத்தை உள்வரும் முதலீட்டுக் கணக்கின் ஊடாக வங்கி வழியே கொண்டுவந்து, ஒவ்வொரு வரவுச் சீட்டையும் காக்க வேண்டும். பின்னொரு நாள் விற்றுவிட்டு வெளியே எடுக்க அந்தச் சீட்டுத்தான் கேட்பார்கள். வங்கிக்கு வெளியே உண்டியல்காரர் மூலம் வந்த பணத்துக்கு அந்தச் சாட்சி இல்லை. 12 மாதச் செலவும், குடும்பம் முழுவதும் திரும்பிப் போகும் விமானச் செலவும் வீட்டுக் கட்டடத்துக்கு எட்டாத கணக்கில் கிடக்கட்டும்.

சாமான்

நால்வர் குடும்பத்துக்கு ஐந்து முதல் எட்டுக் கன மீற்றர் போதும். முழுக் கொள்கலன் தேவைப்படுவது அபூர்வம். வட அமெரிக்க மின்சாதனம் 120 வோல்ட், இங்கே 230. மிக்சியையும் சூடாக்கியையும் அங்கேயே கொடுத்துவிடுங்கள். ஐரோப்பியச் சாதனம் வேலை செய்யும், பிளக் மட்டும் மாற்ற வேண்டும். பலகைத் தூள் அழுத்திய அலுமாரி முதல் மாரியிலேயே ஊதிப் பிரியும். இடப்பக்கச் சுக்கான் வாகனத்துக்கு அனுமதியே இல்லை. கொண்டுவரத் தகுந்தவை நல்ல கருவிகள், தையல் மெசின், பிள்ளைகளின் புத்தகங்கள், அவர்கள் விட்டுப் பிரிய மாட்டாத சில பொருட்கள்.

ஒவ்வொரு பெட்டிக்கும் இலக்கம், உள்ளே இருப்பதன் பட்டியல், பாவித்ததா புதியதா, மதிப்பு. புதியவற்றுக்குப் பற்றுச்சீட்டு. சுங்கச் சலுகை நீங்கள் வெளியே இருந்த காலத்தைப் பொறுத்தது, ஆகவே பழைய கடவுச்சீட்டுகளையும் கையில் வையுங்கள். பொருள் கொழும்புக்கு வரும்போது உரியவர் நாட்டில் நின்று, கடவுச்சீட்டோடு நேரில் போக வேண்டும். நீங்கள் பிந்தினால் களஞ்சியக் கூலி நாளுக்கு நாள் ஏறும். உறுதி, சான்றிதழ், நகை, மருந்து எதுவும் கப்பலில் போகக் கூடாது.

வந்திறங்கிய முதல் மாதம்

முதற் கிழமையே விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) போய் வதிவைப் பதியுங்கள். அடையாள அட்டைக்கும் பாடசாலைக்கும் வங்கிக்கும் அவரின் கடிதம்தான் வேர். அடுத்து சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையோடு போங்கள். காசநோய்க்கான பீ.சீ.ஜீ., யப்பானிய மூளைக்காய்ச்சல் போன்ற இங்குள்ள சில ஊசிகள் அங்கே போடப்பட்டிருக்காது. ஒழுங்காக மருந்து எடுப்பவர்கள் மூன்று மாத மருந்தும், வர்த்தகப் பெயர் இல்லாமல் மருந்தின் இரசாயனப் பெயர் எழுதிய வைத்தியர் கடிதமும் வைத்திருங்கள். யாழ் போதனா வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். தெல்லிப்பழையில் புற்றுநோய்ப் பிரிவு உண்டு. நவம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில் காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் டெங்குச் சோதனை. அதுவரை பரசிற்றமோல் தவிர வேறு வலி மாத்திரை கொடுக்க வேண்டாம், இரத்தக் கசிவைக் கூட்டும்.

மின்சாரக் கணக்கைச் செத்துப்போனவரின் பேரில் இருந்து மாற்றுங்கள். சாரதி அனுமதிப் பத்திரத்துக்கு மாவட்டச் செயலகத்தில் விசாரியுங்கள். வாக்காளர் இடாப்புக்கு விதானையார் படிவத்தோடு வரும் நாளில், உங்கள் பெயரோடு துணைவரின் பெயரையும் பதினெட்டு நிறைந்த பிள்ளையின் பெயரையும், சத்தியக்கடதாசியில் உள்ள அதே எழுத்தில், விடாமல் எழுதிக் கொடுங்கள். கடைக்குட்டியின் முதலாம் தர விண்ணப்பத்துக்கு அந்த இடாப்பில் எத்தனை வருடம் இருக்கிறீர்கள் என்றும் பார்த்துப் புள்ளி போடுவார்கள்.